பாதிக்கு மேல கெட்டவன்

முதல்ல வர்றவன் வண்டி கடைசியிலதான் வெளிய வரும். அந்தத் தியேட்டர் ஸ்டாண்டோட சட்டம் அது. சந்து மாதிரி நீளமா ஒரு எடம், அதுக்கு ஒரே வாசல், வர்ற வண்டியை எல்லாம் உள்ள தள்ளித் தள்ளி அடுக்கிட்டே வருவாங்க. படம் உட்டதும் கடைசியா வந்தவன் ராஜா மாதிரி எடுத்துட்டுப் போவான். நாச்சிமுத்து எங்கேயும் முன்னாடியே போய் நிக்கிற ஆளு. கலியாணத்துக்குப் போனா வாழைமரம் கட்டறவங்களோட சேந்து கயிறு புடிச்சிட்டு நிப்பாரு. அதனால அன்னைக்கு மேட்னி உட்டப்ப அவரு டிவிஎஸ் அந்தக் கடைசிச் செவுத்துல ஒட்டிட்டு நிக்க, அதுக்கு முன்னாடி ஊரு வண்டி பூரா நிக்க, இவரு வாசத் தகரத்துக்குக் கீழ நின்னாரு. பொண்டாட்டி தங்கமணி லேடீஸ் பக்கம் போயிருந்தா. சாரல் பொடிப்பொடியா விழுந்துட்டிருந்துது. யாராலயும் நகர முடியலை, அதனால எல்லாரும் படத்தைப் பத்திப் பேசுனாங்க. நல்லா இருந்துச்சுன்னு ஒருத்தன். நாவலைக் கொன்னு பாடை கட்டிட்டானுங்கன்னு இன்னொருத்தன். நாவல்னா என்னடான்னு மூணாவது ஆளு. படத்துல ஹீரோயினி கட்டுன கண்டாங்கிச் சேலையெல்லாம் நம்மூர்ல யாரு கட்டுனாங்கன்னு ஒரு பொம்பளை. இவங்க நடுவுல மஞ்சப் பஞ்சு மாட்டுன மைக்கை நீட்டிட்டு ஒரு புள்ளை, பின்னாடி போனைத் தூக்கிப் புடிச்சிட்டு ஒரு தாடிக்காரன், 'படம் எப்படி இருக்குங்க, படம் எப்படி இருக்குங்க'ன்னு ஒவ்வொரு ஆளா வந்துட்டிருந்தாங்க. வாடி, வா சாமின்னு நாச்சிமுத்து மனசுக்குள்ள கூப்புட்டாரு. இந்த மைக்குக்காகத்தான் முப்பது வருசத்துக்கு மேல ஒரு வாக்கியத்தை வாயிலயே வெச்சு ஊறப் போட்டிருக்கறேன். ஒரே வாக்கியம். 'அந்த நாவலே என்ற ஊட்டுத் திருட்டுக் கரண்டுல எழுதுனதுங்க.' அவ்வளவுதான். அப்புறம் வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம். வண்டி வந்தா.

நாவல் பேரு கொடிக்கம்பி. எழுதுனவன் பேரு சாரல்நேயன். ஊர்ல சாரல் அடிக்கிறது ரெண்டு மாசம், அதுக்கே நேயம் வந்து பேரை மாத்திக்கிட்டான். பெத்தவங்க வெச்ச பேரு தெய்வசிகாமணி, தாலுக்காபீஸ்ல குமாஸ்தா, நாச்சிமுத்து குடியிருந்த லைன் ஊட்டுக்கு மேல இருந்த ஒத்த ரூம்ல வாடகைக்கு இருந்தான். மேல ரூம்காரனுக்கும் கீழ் ஊட்டுக்காரிக்கும் ஒரே துணி காயப்போடற கம்பி, அதுல ரெண்டு பேரு துணியும் பக்கத்துல பக்கத்துல ஆடுது, அதுல இருந்து ஒரு பிரியம் முளைக்குது, அதைப் புருசன்காரன் மிதிக்கறான், இதுதான் கதை. கீழ் ஊட்டுக்காரி பேரு பொன்மணி. தங்கத்தைப் பொன்னாக்குனதுதான் அந்தாளு பண்ணுன மொத்தக் கற்பனையும். புருசன் பேரு பேச்சிமுத்து. மோட்டாருக்குக் காயில் கட்டறவன். நம்மூர்ல காயில் கட்டற கடை அப்போ ஒண்ணே ஒண்ணு, அதுல உக்காந்திருந்தது ஒரே ஒரு முத்து. அப்புறம் எவனுக்குத் தெரியாது? கொடிக்கம்பி எத்தனை பதிப்பு வந்துச்சோ அத்தனை தடவை நாச்சிமுத்தை உரிச்சுத் தொங்கப் போட்டாங்க. காலேஜுல பாடமா வெச்சாங்க. வருசா வருசம் புதுசா ஒரு செட்டுப் புள்ளைங்க கடைக்கு எதுத்தாப்பல வந்து நின்னு, அந்தா அவருதான்னு கையைக் காட்டும், என்னமோ டேம் பாக்க வந்தாப்பல. மோட்டார் கொண்டாந்த விவசாயி கூட, 'ஏனுங் நாச்சிமுத்துண்ணா, ரேடியோ வயரு ஒரு முழம் கெடைக்குமுங்களா'ன்னு கேட்டுட்டுச் சிரிப்பான். ஏன்னா அதுதான் நாவல்ல பேர் போன எடம். பொன்மணி பாட்டுக் கேட்டுட்டிருக்கறா, பேச்சிமுத்து கட்டிங் பிளேயரோட வந்து பேசாம ரேடியோ வயரை வெட்டறான், ஊரே இருட்டான மாதிரி ஆயிடுதுன்னு எழுதியிருந்தான். படிச்ச பொம்பளைங்க அழுதிருக்காங்க. ஒரு அம்மா தபால்ல பேச்சிமுத்துக்குச் சாபம் அனுப்பிச்சுது, கடை விலாசத்துக்கு. முத்திரை ஒட்டாம அனுப்பிச்சதுனால அபராதம் கட்டி வாங்குன சாபம்.

அதையெல்லாம் தாங்குனாரு. தாங்குறதுன்னா என்ன, காயில் கட்டறதுதான். கம்பியைச் சுத்திச் சுத்தி ஒரு எடத்துல உட்டா மறுபடியும் அதே எடத்துக்கு வரும், அது மாதிரி அவரு புத்தியும் சுத்திட்டு வந்து அதே எடத்துல நிக்கும்: தங்கமணி அதைப் படிச்சாளா, இல்லையா. ஒரு நாளும் கேட்டதில்லை. ஊட்டுல அந்தப் பொஸ்தகத்தை அவரு பாத்ததில்லை. இந்த வாரந்தான், முப்பது வருசத்துல முதல் தடவையா, சாப்பிடறப்ப மோரை ஊத்திட்டே, 'ஏனுங்க, அந்தப் படத்துக்குப் போலாமுங்களா'ன்னா. எந்தப் படம்னு அவ சொல்லலை, இவரும் கேக்கலை. போலாம்னாரு. படம் நாசமாப் போயிருக்கணும், நாறியிருக்கணும், சனம் சீட்டைக் கிழிச்சிருக்கணும்னு வேண்டிட்டுத்தான் போனாரு. ஆனா அவனுங்க பண்ணுன வேலை வேற. புருசன் வேசத்துக்குப் பெரிய நடிகனைப் போட்டுட்டானுங்க. பெரிய நடிகன் வயரை வெட்டுவானா? ரசிகன் திரையை வெட்டிருவான். அதனால படத்துல பேச்சிமுத்து ரேடியோவை ரிப்பேர் பண்ணித் தர்றான். பொண்டாட்டி மனசைப் புரிஞ்சுக்கறான். கடைசியில அவ துணிமணியை அவனே மடிச்சுப் பையில வெச்சு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து, மேல் ரூம்காரன் கையில அவ கையைப் புடிச்சுக் குடுத்து பஸ்ஸேத்தி உடறான். பஸ் போகுது. மழையில நிக்கறான். பின்னாடி வயலின். தியேட்டரே கை தட்டுச்சு. நாச்சிமுத்துக்குக் காது அடைச்சுப் போச்சு. பொஸ்தகத்துல மிருகம், ஆனா அவ அவன்கூடவே இருந்தா. படத்துல தெய்வம், ஆனா அவ போயிட்டா. எவனாச்சும் வந்து உனக்கு ரெண்டுல எதுடா வேணும்னு கேட்டிருக்கானா? அதை உடு. கை தட்டுன அந்த நேரத்துல பக்கத்துச் சீட்டுல வளையல் சத்தம் கேட்டுச்சு. அவளும் தட்டுனாளா? இல்லை, முறுக்குப் பொட்டலத்தை மடிச்சாளா? இருட்டுல திரும்பிப் பாக்கறதுக்கு அவருக்குக் கழுத்து ஒத்துழைக்கலை. வளையலு ஒரு தடவை கேட்டுதா, ரெண்டு தடவை கேட்டுதா? ஒரு தடவைன்னா முறுக்கு. ரெண்டு மூணுன்னா கைதட்டு. ரெண்டு கேட்டாப்பலயும் இருக்குது. ஒரே சத்தம் நீளமாக் கேட்டாப்பலயும் இருக்குது.

சாரல்நேயன் வந்திருந்தான். தியேட்டர் படிக்கட்டுல, சால்வை போட்டு, சுத்திலும் ஏழெட்டு வாசகருங்க. தலை நரைச்சு, கண்ணுக்குச் சோடா பாட்டில் அடி மாதிரி தடிமனா ஒரு கண்ணாடி. யாரோ காட்டுன போனை மூக்குக்கு ஒட்ட வெச்சுப் பாத்தான். 'ஐயா, உங்க நாவலை இப்படிப் பண்ணிட்டாங்களே'ன்னு ஒருத்தர் கண்கலங்க, அவன் ஞானி மாதிரி சிரிச்சு, 'அது வேற கலைங்க'ன்னான். செக்கை வாங்கிப் பையில போட்டுட்டா எல்லாமே வேற கலைதான். நாச்சிமுத்துக்குப் பக்கத்துல நின்ன காலேஜு வாத்தியாரு ஒருத்தரு, தொண்டை தெருமுக்கு வரைக்கும் கேக்கும், தன் மாணவன்கிட்டக் கத்திட்டிருந்தாரு. 'பாதி நாவல் வரைக்கும் பேச்சிமுத்து எவ்வளவு நல்லவன்! பூ வாங்கிட்டு வர்றான், காய்ச்சலுக்குக் கஞ்சி வெக்கிறான். பாதிக்கு மேல அப்படியே மாறி மிருகமாயிடறான் பாரு, அந்த மாற்றம்தாண்டா நாவலோட உச்சம். மனுச மனசோட இருட்டு. அதைப் படத்துல தூக்கிட்டானே!' அந்தப் பையன், 'சார், எனக்கு அது லாஜிக்காவே இல்லைங் சார். ஏன் மாறுறான்னு ஒரு காரணமும் சொல்லலையே. படம் பரவால்லை, ஒரே மாதிரி நல்லவனா இருக்கறான்'னான். 'காரணம் சொன்னா அது இலக்கியமாடா?' 'காரணம் சொல்லாட்டி அது தப்புங் சார்.' நாச்சிமுத்து அந்தப் பையனைத் திரும்பிப் பாத்தாரு. அவரும் படிச்சிருக்காரு. கடையைச் சாத்திட்டு, ஷட்டருக்கு உள்ள உக்காந்து, ஒரே மூச்சுல. பாதி வரைக்கும் படிக்கறப்ப அவருக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, அதைச் சொல்லக்கூடாது. கெடாய்க்கு மாலை போட்டுத் தடவிக் குடுத்து அப்புறம் வெட்டறாப்பல, கொழுக்க வெச்சு வெட்டியிருக்கான்னு அவரு முடிவு பண்ணிட்டாரு. இந்தப் பையனை மாதிரி யாரும் ஏன்னு கேட்டதில்லை.

மைக்கு நாலு ஆளு தள்ளி வந்துடுச்சு. வாக்கியத்தை இன்னொரு தடவை நாக்குல உருட்டிப் பாத்தாரு. என்ற ஊட்டுத் திருட்டுக் கரண்டுல எழுதுனதுங்க. சத்தியம் அது. அந்த மேல் ரூமுக்குக் கரண்டு கெடையாது. தட்டுமுட்டுச் சாமான் போடற ரூம்பை ஊட்டுக்காரன் வாடகைக்கு உட்டிருந்தான், குமாஸ்தா சிம்னி வெளக்குலதான் இருக்கோணும். ஆனா அங்க பல்பு எரிஞ்சுது. நாச்சிமுத்துக்கு அது தெரியாது, அவரு வர்றதே ஊரடங்குன பின்னாடி. இதே மாதிரி ஒரு சாரல் நாள், காயப்போட்ட சேலை நனைஞ்சு கெடக்குதேன்னு எடுக்கப் போயிக் கம்பியைத் தொட்டாரு. சுர்ருன்னு கை உதறுச்சு. எலெக்ட்ரிக் வேலை பண்றவனைக் கரண்டு அடிச்சா வலியை விட அவமானம் ஜாஸ்தி. சேலையை வெலக்கிப் பாத்தா, கொடிக்கம்பியோட ஒட்டி ஒரு வயரு. கம்பியைச் சுத்திச் சுத்தி ஓடுது, மேல போய் ரூம் ஜன்னலுக்குள்ள நுழையுது. கீழ, அவரு ஊட்டுச் சமையக்கட்டு ஜன்னல் வழியா உள்ள வந்து, ரேடியோவுக்குப் போற லைன்ல சேந்திருக்குது. வயரு தோல் உரிஞ்ச எடத்துல மழை பட்டுக் கரண்டு கம்பியில இறங்கியிருக்கு. மக அப்போ அந்தக் கம்பிக்குக் கீழதான் நடை பழகிட்டிருந்தா. கட்டிங் பிளேயரை எடுத்தாரு, வெட்டுனாரு. லைன் ஒண்ணுதான், அதனால ரேடியோவும் நின்னு போச்சு. இதுதான் அந்தக் காவியம். இதைத்தான் சொல்லப் போறாரு. சொன்னதும் இந்த மைக்குப் புள்ளை கண்ணை விரிக்கும், வாத்தியாரு வாயைப் பொளப்பாரு, படிக்கட்டுல அந்த சால்வை நழுவி விழும். கரண்டு திருடன்னு ஊரு பூரா சிரிக்கும். அப்புறம் அந்தப் புள்ளை அடுத்த கேள்வி கேக்கும். கேக்காம உடுமா, அதுக்குத்தான் அது வந்திருக்குது. 'அப்போ உங்க ஊட்டுக்குள்ள இருந்து அவருக்கு லைன் குடுத்தது யாருங்க?' இங்கதான் கம்பி அறுந்து போகும். ஒவ்வொரு தடவையும் இங்கதான். ஏன்னா வயரும் வயரும் சேந்த அந்த எடத்துல ஒரு துணி டேப்பு சுத்தியிருந்துது. கண்டவன் சுத்துனாப்பல இல்லை. ஒவ்வொரு சுத்தும் முன்ன சுத்துனதுல பாதி ஏறி, கடைசி முனையை உள்ள சொருகி இழுத்த கட்டு. காயிலுக்குக் கட்டற கட்டு. கடையில வேலை நெருக்கமா இருந்தா காயிலை ஊட்டுக்குக் கொண்டாருவாரு, தங்கமணி புள்ளையைத் தொட்டில்ல ஆட்டிட்டே சுத்திக் குடுப்பா. அந்தக் கட்டு ஊர்ல ரெண்டு கைக்குத்தான் தெரியும். ஒண்ணு அவரு கை. அவரு அந்த டேப்பை உரிச்சாரு. உரிக்கவே வரலை, அத்தனை சுத்தமான வேலை. அடுப்புல போட்டாரு. ஏன்னு அவரு கேக்கலை, ரேடியோ ஏன் பாடலைன்னு அவ கேக்கலை. அடுத்த மாசம் குமாஸ்தா வேற ஊருக்கு மாத்தலாயிட்டான், மூட்டை முடிச்சோட, எழுதுன நோட்டோட.

அப்போ ரெண்டுல ஒண்ணுதான். அவனை நாறடிக்கணும்னா அவளையும் சேத்து நாறடிக்கணும். பரவால்லையா? ஒரு நிமிசம் பரவால்லைன்னுதான் தோணுச்சு. வளையலு ரெண்டு தடவை கேட்டுதுல்ல. மூணு தடவை கூட இருக்கும். தட்டுனவ தட்டுனதுக்கு வாங்கிக்கட்டும். வாயில எச்சி ஊறுச்சு. மைக்கு வாத்தியாரைத் தாண்டி வந்துது, இவரு தொண்டையைச் செருமுனாரு, அந்தப் புள்ளை இவரைப் பாத்து, இவருக்குப் பின்னாடி பாத்து, இவரைத் தாண்டிக் கையை நீட்டுச்சு. 'அம்மா, நீங்க சொல்லுங்கம்மா, படம் எப்படி இருந்துச்சு?' தங்கமணி. முந்தானையைத் தலையில போட்டுட்டு, எப்போ வந்து நின்னான்னே தெரியலை. 'நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா கடைசியில புருசங்காரன் துணி மடிக்கறான் பாரு, அதைத்தான் நம்ப முடியலை. எந்த ஊட்டுல ஆம்பளை துணி மடிக்கறான்?' சுத்தி நின்ன பொம்பளைங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. 'நாவல் படிச்சிருக்கீங்களாம்மா?' நாச்சிமுத்து மைக்குக்கு ஒட்ட நகந்தாரு. முப்பது வருசமா அவரு கேக்காததை இந்தப் புள்ளை எச்சி துப்பறாப்பல கேட்டுப்போட்டுது. 'நாவலா? அதெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. யாரு எழுதுனது?' 'ஐயோ, இதா சார்தாம்மா, இங்கயே நிக்கறாரு!' படிக்கட்டுல இருந்து அவன் இறங்கி வந்துட்டிருந்தான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுட்டு, கண்ணைச் சுருக்கி, ஒரு படி, இன்னொரு படி. மொகத்துல ஒரு வெளிச்சம். அத்தனை பதிப்பும், அத்தனை சால்வையும், எல்லாமே இந்த ஒருத்தி எதுத்தாப்பல வந்து நிக்கறதுக்குத்தான்னு சொல்றாப்பல ஒரு மொகம். 'நல்லா இருக்கீங்களா'ன்னான். தங்கமணி அவனை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. மார்க்கெட்டுல கத்திரிக்காயைப் பாக்கறாப்பல. 'உங்களுக்கு எந்த ஊருங்க?' அவன் வாய் தொறந்தது தொறந்தபடி நின்னுச்சு. 'நா... இங்கதாங்க... முன்னாடி கொஞ்ச நாள்...' 'அப்படீங்களா. எனக்கு ஞாபகமில்லீங்க'ன்னுட்டு, மைக்குப் புள்ளையோட கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளிட்டு, 'ஏனுங்க, வண்டி வந்துடுச்சுங்களா'ன்னு இவரு பக்கம் திரும்பிட்டா. தாடிக்காரன் போனை அந்தாளு மொகத்துக்கு நேராத் திருப்பிட்டான். ஊரு பூரா பாக்கும் அதை. தன் நாவலோட பொம்பளையே உங்களுக்கு எந்த ஊருன்னு கேட்டதை. நாச்சிமுத்துக்கு உள்ளங்கால்ல இருந்து ஒரு சந்தோசம் ஏறுச்சு. இவரு வாக்கியம் என்ன பெரிய வாக்கியம், அது சும்மா ஷாக்கு. இவ ப்யூஸையே புடுங்கிட்டா.

வண்டி வந்துடுச்சு. மிதிச்சாரு, தங்கமணி ஏறி ஒருச்சாஞ்சு உக்காந்தா, சாரல்ல நனைஞ்ச ரோடு கறுப்பா மினுங்கிச்சு. பாலம் வரைக்கும் அந்தச் சந்தோசம் தாங்குச்சு. அவன் வாய் தொறந்து நின்னதை நாலஞ்சு தடவை போட்டுப் பாத்தாரு, ஒவ்வொரு தடவையும் நல்லா இருந்துச்சு. பாலத்துல ஏறறப்ப ஒரு சின்ன நெருடல், செருப்புக்குள்ள கல்லு வந்தாப்பல. எந்த ஊருன்னு கேட்டாளே, அத்தனை சுத்தமா. கண்ணு சிமிட்டலை, குரல் மாறலை. ஒவ்வொரு சுத்தும் முன்ன சுத்துனதுல பாதி ஏறி, முனையை உள்ள சொருகுன பொய்யி. இத்தனை சுத்தமா இவ எப்போ கத்துக்கிட்டா? தனக்கும் இப்படி ஏதாச்சும் சுத்திக் குடுத்திருக்காளா, தான்தான் அதைப் பாசம்னு நினைச்சுட்டு இத்தனை வருசமா... 'ஏனுங்க.' 'ம்.' 'அந்த வாத்தியாரு கத்திட்டிருந்தாரே, பாதிக்கு மேல புருசன் ஏன் மாறுனான்னு.' 'உனக்கெப்படிக் கேட்டுது?' 'அந்தத் தொண்டை அடுத்த பஞ்சாயத்துக்கே கேக்கும்.' பொழுது எறங்கிடுச்சு. சாரல் ஹெட்லைட்டுல பஞ்சு மாதிரி பறந்துச்சு. 'பாதி வரைக்கும் லைட்டு இருந்துச்சுங்க'ன்னா. 'அதுக்கு மேலதான் நீங்க வெட்டிப்போட்டீங்களே. சிம்னி வெளக்கை வெச்சுட்டு, கண்ணு எரிய, பொகைக்குள்ள உக்காந்து எழுதுனா யாரு நல்லவனாத் தெரிவாங்க?'

நாச்சிமுத்து பிரேக்கு புடிக்கலை. புடிச்சிருந்தா வழுக்கியிருக்கும். படிச்சிருக்கறா. படிச்சது மட்டுமில்லை, எந்தப் பக்கம் வரைக்கும் பல்பு எரிஞ்சுதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறா. அப்போ அந்தப் பூவும் கஞ்சியும் அவ குடுத்த கரண்டுக்கு அவன் செஞ்ச கைமாறா? இல்லை, புருசனை நல்லபடியா எழுதுன்னு இவ சொல்லிக் குடுத்ததா? சொல்றதுன்னா எப்போ சொன்னா, எங்க நின்னு சொன்னா? நினைப்பு ஒரு சுத்து சுத்தி வந்துச்சு, ஆனா இந்தத் தடவை அதே எடத்துல நிக்காம வேற ஒரு எடத்துல போய் முட்டுச்சு. பொகை. சிம்னி. அந்தக் கண்ணாடி. சோடா பாட்டில் அடி மாதிரி தடிமனா, போனை மூக்குக்கு ஒட்ட வெச்சுப் பாத்தானே. அட, அது நம்ம கட்டிங் பிளேயர் பண்ணுன வேலையா! வாய் தன்னால விரிஞ்சுது, சாரல் பல்லுல பட்டுச்சு. சாபத்தை அபராதம் கட்டி வாங்குன கையி வெட்டுன வெட்டு, அந்தாளுக்கு மூக்கு மேல உக்காந்திருக்குது, சாகற வரைக்கும் எறங்காது. கண்ணாடி பவரு இன்னும் ரெண்டு ஏறட்டும். மூணு ஏறட்டும். பின்னாடி வளையலு ஒரு தடவை கேட்டுச்சு. சீட்டுக் கம்பியைப் புடிச்சிருப்பா. 'ஏம்மணி'ன்னாரு. 'அந்த லைன்...' 'முன்னாடி டெம்போ வருது பாருங்க'ன்னா. அவரு ஒதுங்கி டெம்போவுக்கு வழி உட்டாரு. அந்தக் கேள்வி எல்லாத்துக்கும் முன்னாடியே உள்ள போய்ச் செவுத்துல ஒட்டி நிக்கற வண்டி. அதுக்கு முன்னாடி நிக்கறதெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரட்டும்.